கஞ்சியிலிருந்து மாத்திரைக்கு: வடசென்னை முதியோர் பராமரிப்பில் கண்ணுக்குத் தப்பிய பிழைகள்

முதியவரை அடிப்பதும் பட்டினி போடுவதும் கொடுமை என்பதை எல்லோரும் அறிவர். பாசத்தோடு பார்த்துக்கொள்பவர் கையாலேயே மருந்து மாறுவதும் விட்டுப்போவதும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இந்த இடைவெளி உருவான விதத்தை, ராயபுரம் முதல் எர்ணாவூர் வரையிலான பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கஞ்சித்தொட்டிக் காலம்

ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-இல் ராயபுரம் அருகே மணியக்காரர் சத்திரம் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. 1799-இல் தோன்றிய மருத்துவமனை ஒன்று பின்னர் அதனுடன் இணைந்தது. ஊரார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அந்த வழியில் வளர்ந்ததே. சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் புகலிடமாக நிலைத்தது. சோறும் கூரையும் கிடைத்தால் பராமரிப்பு நிறைவுற்றது என்ற அளவுகோல் பஞ்ச காலத்துக்குப் பொருந்தியது.

நோய் மாறியது, அளவுகோல் மாறவில்லை

1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றோடு நெடுநாள் வாழ முடிந்தது, மாத்திரைகளும் பெருகின. இங்கிலாந்தில் 55 முதியோர் இல்லங்களின் 256 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒருவர் சராசரியாக 8 மருந்துகள் எடுத்துவந்தார். பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு மருந்துப் பிழையாவது நேர்ந்திருந்தது. வேலைப்பளு, பயிற்சிக் குறைவு, மருத்துவருக்கும் இல்லத்துக்கும் இடையே தகவல் அறுந்துபோதல் ஆகியவை அதற்கான காரணங்களில் அடங்கும்.

இந்தியாவின் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம், முதியவரைக் கைவிடுவோருக்கு 3 மாதம் வரை சிறை விதிக்கிறது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேருக்கான இல்லத்தை அரசு அமைக்கலாம் என்கிறது. எந்த மாத்திரையை யார், எப்போது கொடுத்தார் என்ற பதிவைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை.

பிழை நிகழும் இடம்

இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வீரியங்களில் வருகிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறுபடும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் வழக்கமான கோடுவரை இழுத்தால், உடலில் ஏறுவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து முதியவர் வியர்த்து உளறுவார். வயதானால் அப்படித்தான் என்று போர்த்திப் படுக்கவைத்தால், மருந்துப் பிழை அங்கேயே கவனக்குறைவாகவும் மாறுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் இதே ஆபத்து உண்டு: பழைய மாத்திரை புதிய கம்பெனிப் பெயரில் வர, இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும்.

2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இத்தகைய வீடுகளின் வாசலுக்கே கொண்டுவருகிறது. வரலாற்றில் இது பெரிய முன்னேற்றம். வாசலைத் தாண்டிய மாத்திரை சரியான வேளையில், சரியான அளவில் உள்ளே போகிறதா என்பதே எஞ்சியிருக்கும் வேலை. இல்லமோ வீடோ, ஒருவருக்கு ஒரே மருந்துத் தாள். இன்சுலினை இன்னொருவர் சரிபார்த்த பிறகே ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பட்டியல் மறுஆய்வு. பிழையைச் சொன்ன ஊழியருக்குத் தண்டனையின்மை. இந்த நான்கும் முதியோர் இல்லங்களின் உரிம விதிகளிலும் வீடுதேடி வரும் பணியாளரின் கடமைகளிலும் இடம்பெற வேண்டும்.