பொன்னிற நாயும் கரிசல் நாயும்

நாய் வளர்ப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. நாயின் மேல் உள்ள பிரியத்தால் வளர்ப்பவர்கள் ஒரு வகை. அடுத்த வீட்டுக்காரர் பார்க்கவேண்டும் என்பதற்காக வளர்ப்பவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினருக்கு நான் சொல்லப்போவதால் அதிகப் பிரயோசனம் இராது. முதல் வகையினருக்கு ஒரு வார்த்தை: நாயைப் பழக்குவதற்கு முன்னால் அதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கற்றுக்கொடுப்பதில் பாதியை அதன் முன்னோர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் ரயில் பாதையில், ராஜபாளையத்தைத் தாண்டியதும் வரும் பெரிய ஊர் சங்கரன்கோவில். ஹரியும் ஹரனும் ஒரே உருவில் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலும், கோமதி அம்மனின் ஆடித் தபசும் அந்த ஊருக்குப் பெருமை. ஊருக்கு வெளியே போனால் கரிசல் காடு; மழை பெய்தால் காலைப் பிடிக்கும், வெயில் அடித்தால் பிளந்து கிடக்கும். இப்படிப்பட்ட சீமைகளிலும் இப்போது கோல்டன் ரிட்ரீவர் என்னும் பொன்னிற நாயை வாங்கி வளர்க்கும் ஆசை பரவியிருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் அது எந்த மண்ணின் பிள்ளை என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா?

அது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுப் பிள்ளை. அங்கே கூயிசக்கன் என்ற இடத்தில் டட்லி மார்ச்பாங்க்ஸ் என்னும் செல்வர் ஒரு பெரிய எஸ்டேட் வைத்திருந்தார். 1881-ல் இவருக்கு ட்வீட்மவுத் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. குழாயின் பின்பக்கத்தில் தோட்டா போடும் புதுத் துப்பாக்கிகள் வந்துவிட்ட காலம் அது. சுட்ட பறவை வெகு தூரத்தில், ஏரிக்கு நடுவிலோ சதுப்பிலோ போய் விழும். குளிர்ந்த நீரில் பாய்ந்து, பறவையைப் பல் படாமல் கவ்வி, எஜமானன் கையில் கொண்டுவந்து கொடுக்க ஒரு நாய் வேண்டும். கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் ரிட்ரீவர் என்ற பெயருக்கே பொருள்.

கறுப்பு நாய்கள் ஈன்ற குட்டிகளுக்கு நடுவே மஞ்சளாகப் பிறந்த ஒரு குட்டியை அவர் 1865-ல் பிரைட்டன் நகரில் வாங்கினார். அதன் பெயர் நௌஸ். ட்வீட் நதிக்கரையில் இருந்த நீர் ஸ்பானியல் இனத்தைச் சேர்ந்த பெல் என்ற பெண் நாயுடன் 1868-ல் அதைச் சேர்த்தார். பிறந்தவை நான்கும் மஞ்சள் குட்டிகள். அவற்றில் மூன்றுக்குக் குரோகஸ், கௌஸ்லிப், பிரிம்ரோஸ் என்று மலர்களின் பெயரைச் சூட்டினார். இன்று உலகமெங்கும் இருக்கும் பொன்னிற நாய்களின் வமிசம் அங்கே தொடங்குகிறது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1913-ல் இவற்றைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

இந்தச் சரித்திரத்தை அறிந்தவனுக்கு வளர்ப்பு முறையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வருவது அதன் பரம்பரைத் தொழில். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது திருட்டல்ல. அடிக்காமல், ஒரு பந்தை எறிந்து கொண்டுவரச் சொல்லி, கொண்டுவந்ததும் தட்டிக்கொடுத்தால் மற்றப் பாடங்களையும் அந்த ஒரு விளையாட்டின் மூலமே கற்றுவிடும். மனிதனோடு சேர்ந்து வேலை செய்யப் பிறந்ததைத் தனியாகச் சங்கிலியில் கட்டிப்போட்டால் மனம் கெட்டுப்போகும். குளிர் நீருக்காக அமைந்த இரட்டை மயிர்ப் போர்வை அதன் உடம்பில் இருக்கிறது. ஆகையால் நம் சித்திரை வெயிலில் விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும்தான் அதை நடத்திச் செல்ல வேண்டும். பகலில் நிழலும் நிறைய நீரும் வேண்டும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மயிரை ஒட்டச் சிரைப்பது பிசகு. தினமும் சீவி, உதிரும் மயிரை எடுத்துவிடுவதே முறை. நீந்திய பிறகு தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வரும்.

இனி நம் பக்கத்து நாயைப் பார்ப்போம். சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம். கிழக்கே கரிசல் வழியாகப் போனால் சிப்பிப்பாறை. இரண்டு ஊர்களும் தம் பெயரை இரண்டு நாய் இனங்களுக்குக் கொடுத்திருக்கின்றன. ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. காவலுக்கும் வேட்டைக்கும் பேர் பெற்றது. சிப்பிப்பாறை ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்ட ஓட்டக்காரன். அதன் உறவாகிய கன்னி நாய் கறுப்பு உடலும் செம்பழுப்புக் காலும் உடையது. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி முயலைத் துரத்தும் ஜாதி இவை. மரமில்லாத கரிசல் வெளிக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு ஏது? பழகிய நாயோடு குட்டியையும் ஓடவிடுவதுதான் அதற்குப் பள்ளிக்கூடம். வீட்டிலே காய்ச்சும் கூழும் மோரும் அதற்கும் ஒரு பங்கு. குட்டியை விலைக்கு விற்காமல், நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கே கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

ஆனால் இந்த வமிசத்துக்கு ஏடு இல்லை. கன்னி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் வந்த பெயர் என்பார் ஒருவர். அதே வட்டாரத்துக் கன்னி ஆட்டின் நிறத்தை ஒத்திருப்பதால் வந்தது என்பார் மற்றொருவர். சங்கரன்கோவிலுக்கு அருகே உள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் ஆண்டது நமக்குத் தெரியும். பாளையக்காரர் போர்களில் ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரரின் குதிரை லாயங்களில் புகுந்து கலக்கின என்று சொல்லும் கதையும் தெரியும். கதை நம்மை மகிழ்விக்கிறது. எந்த நாய், யாருடைய நாய், அதன் குட்டிகள் எங்கே போயின என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

வெள்ளைக்காரர்களும் கதை கட்டாதவர்கள் அல்லர். ருஷ்ய சர்க்கஸ் கூட்டம் ஒன்றிடமிருந்து மொத்தமாக வாங்கிய நாய்களே பொன்னிற நாயின் முன்னோர்கள் என்று அங்கே நெடுங்காலம் நம்பினார்கள். பிரபுவோ 1835 முதல் 1890 வரையிலான நாய்களின் விவரத்தை ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதிவைத்திருந்தார். அந்த விவரம் 1952-ல் அச்சில் வெளிவந்ததும் சர்க்கஸ் கதை முடிந்துபோயிற்று. நூறு வருஷத்துக் கதையை ஒரு நோட்டுப் புத்தகம் தோற்கடித்துவிட்டது. நம் கதையைத் தோற்கடிக்கவோ, அது நிஜம்தான் என்று நிலைநாட்டவோ நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை.

சரித்திரம் எழுதாமல் விட்டால் பெருமை மட்டுமா போகிறது? நாயின் உடம்பே கெடுகிறது. தூய வெள்ளை வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்க்கை செய்ததால், ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறக்கின்றன. வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு கால்நடை மருத்துவர்கள் அறிந்ததுதான். தாய் யார், தந்தை யார், பாட்டன் யார் என்று எழுதிவைத்திருந்தால் இதைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம். தொழிலும் போய்விட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டைக்கு முடிவு கட்டின. அது நியாயமான சட்டம். முயலுக்கும் வாழ உரிமை உண்டு. ஆனால் ஓடுவதற்கென்றே பிறந்த நாய்க்கு ஓடக் காரணம் இல்லாமற் போயிற்று. வேலையில்லாத நாயை எத்தனை வீட்டார் ஆதரிப்பார்கள்?

கௌரவங்கள் வராமல் இல்லை. 2005-ல் இந்தியத் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையம் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் இனங்களாகப் பதிவுசெய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலியில் இவற்றின் பெயரைச் சொன்னதும் குட்டி கேட்டு வருவோர் பெருகினார்கள். ஆனால் தபால்தலை நாய்க்குச் சோறு போடாது. கிராக்கி பெருகினால் குட்டி விற்பவர் பெருகுவார்கள். குறிப்பு எழுதுபவர் பெருகுவார்கள் என்று சொல்வதற்கில்லை.

பொன்னிற நாயை வெறுத்து நம் நாயைப் போற்றவேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. வாயில்லாத பிராணிக்குச் சுதேசி ஏது, விதேசி ஏது? வீட்டுக்கு வந்துவிட்ட பொன்னிற நாய் நம் பிள்ளைதான்; வெயிலிலிருந்து அதைக் காப்பது நம் கடமை. இனிமேல்தான் நாய் வாங்கப்போகிறவர், வேகமாக ஓடும் நாயை ஓடவிடத் தோட்டமோ வயலோ உடையவரானால், சிப்பிப்பாறையையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். எந்த நாயானாலும் தடுப்பூசி போடுகிற அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். பிறந்த தேதி, தாய், தந்தை, வந்த நோய், குட்டி போட்டால் அது போன வீடு, இவ்வளவும் எழுதினால் போதும். இதற்குப் பிரபுவாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பென்சில் இருந்தால் போதும்.