எழும்பூர்க் காட்சிச்சாலையும் நடுநாட்டுக் கலைச்செல்வமும்

விழுப்புரத்தினின்றும் திண்டிவனத்தினின்றும் புகைவண்டியேறிச் சென்னை செல்வார் பெரும்பாலும் இறங்குவது எழும்பூர் நிலையமாம். அதற்கு அணித்தாகப் பாந்தியன் சாலையில் அரசினர் அருங்காட்சியகம் உளது. பிற பணிமேற் செல்வார் பலர் அதன் மதிலைக் கடந்து போவர்; உட்புகுவார் சிலரே. நடுநாட்டார்க்கு அஃது அயலிடமன்று. தம் ஊர்க் கோயில்களிற் கண்டவற்றை அங்கும், அங்குக் கண்டவற்றைத் தம் ஊரிலும் ஒப்பு நோக்குதற்கு அவர்க்கு நல்வாய்ப்புண்டு.

இக்காட்சிச்சாலை 1851-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சென்னை இலக்கியக் கழகத்தார் ஈட்டிவைத்திருந்த நிலநூற்பொருள்களே முதற்கண் அதன்கண் இருந்தவை. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதற் பொறுப்பாளர். 1854-இல் அது பாந்தியன் மாளிகைக்குப் பெயர்ந்தது. அம்மாளிகை முன்னர் ஆங்கிலேயர் கூடி விருந்துண்டும் நடனமாடியும் களித்த இடம். அவர் ஆடிய அவ்வளாகத்தே பின்னர்த் திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமான் திருமேனி வந்து சேர்ந்தமை வியப்பே. அத்திருமேனியின் நிழற்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் 1913-இல் வரைந்த கட்டுரை 1921-இல் அச்சேறியது. சிற்பி தில்லையையும் ஆலங்காட்டையும் கண்டவரல்லர். படமே அவரை அத்துணை ஈர்த்தது.

செப்புத்திருமேனிகள் பல ஈண்டுச் சேர்ந்தமைக்கு 1878-ஆம் ஆண்டுப் புதையற்சட்டம் பெருங்காரணம். படையெடுப்புக்கு அஞ்சியோர் மண்ணுட் புதைத்துவைத்த திருமேனிகள் பிற்காலத்தே நிலம் அகழ்வார்க்குப் புலப்பட, அவை அரசினர் கைக்கு வந்தன. இதனால் உருக்குவார்க்கும் விற்பார்க்கும் தப்பின என்பது மெய். ஆயினும் நாள்வழிபாடும் திருவிழாவும் அவற்றிற்கு இல்லை. எவ்வூர்க் கோயிலுக்கு உரியவை என்பதும் பலவற்றிற்கு விளங்குமாறில்லை. திருக்கோயிலை இறைவனெனவே கண்டு தொழுமாறு சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம் விதித்தலின், சைவர்க்கு இஃது எளிதிற் கழித்துவிடத்தக்க குறையன்று.

இடமும் பொருளும் ஒருங்கே கிடைப்பின் வரலாறு எத்துணை விளங்கும் என்பதற்கு விழுப்புர மாவட்டத்து எசாலம் சான்றாகும். 1987-இல் அவ்வூர் இராமநாதீசுவரர் திருக்கோயிலிற் செப்புத்திருமேனிகளும் முதலாம் இராசேந்திர சோழன் செப்பேடுகளும் வெளிப்பட்டன. அக்கோயிலை எடுப்பித்தவர் அம்மன்னன் குருவாகிய சர்வசிவ பண்டிதர் என்று செப்பேடு கூறும். ஏடு வேறிடத்தும் திருமேனி வேறிடத்தும் அகப்பட்டிருப்பின், ஒன்றற்கொன்று உள்ள உறவை யார் அறிவார்?

பெயர்க்கலாகாதன சில இந்நாட்டில் உள. மண்டகப்பட்டிலே முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி, பிரமன் திருமால் சிவன் மூவர்க்கும் பாறையைக் குடைந்து கோயில் சமைத்தான் என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டாற் பெறப்படும். இக்கருத்துப் புதுமையை அவனே பெருமிதமாகக் கொண்டான் போலும். விசித்திரசித்தன் என்னும் பெயர் அவனுக்குப் பொருந்துவதே. கற்பாறையாதலின் அக்கோயிலை எவரும் எழும்பூர்க்குக் கொண்டு சென்றிலர்.

ஆனால் ஓவியத்தின் நிலை வேறு. செஞ்சிக்குத் தெற்கே பனைமலையில் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், ஒரு சிற்றறைச் சுவரிற் பல்லவர்கால ஓவியம் எஞ்சியுளது. முடியணிந்து, மேலே குடை நிழற்ற, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் உமையம்மை இறைவன் ஆடலைக் காண்கின்றாள். எழும்பூரிலே ஆடற்பெருமான் திருமேனி பழுதின்றி நிற்கின்றது. பனைமலையிலோ அம்மை நோக்கும் பக்கத்து ஆடும் பெருமான் உருவம் பெரும்பாலும் மங்கிப்போயிற்று. கோடுகள் சிலவே கண்ணுக்குப் புலனாகின்றன.