செம்மரிங் 1851: வலு இருக்கு, பிடி இருக்கா?

ஒரு வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும்னு கேட்டால், உடனே குதிரைத்திறனைத்தான் பார்க்கிறோம். மேட்டில் அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதியைச் சொல்கிறது ஆஸ்திரியாவின் செம்மரிங் ரயில்பாதை.

ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் இந்த 41 கி.மீ. பாதையை வடிவமைத்தவர் கார்ல் வொன் கேகா. 1848-இல் வேலை தொடங்கியது. ஏற்றம் 40-க்கு 1. வளைவுகளின் ஆரம் சில இடங்களில் வெறும் 190 மீட்டர். வேடிக்கை என்னன்னா, அதில் ரயிலை இழுத்து ஏறக்கூடிய எஞ்சின் அப்போது கிடையாது! எஞ்சின் கிடைக்காவிட்டால் கட்டிய பாலமும் குடைந்த சுரங்கமும் வீண்.

அதனால் 1851-இல் ஒரு போட்டி வைத்தார்கள். 140 டன் பாரத்தை அந்த ஏற்றத்தில் மணிக்கு 11.4 கி.மீ. வேகத்தில் இழுக்க வேண்டும். பரிசு 20,000 டுகாட் பொற்காசுகள்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா? 40-க்கு 1 ஏற்றத்தில் 140 டன் பாரம் 3.5 டன் விசையோடு பின்னால் இழுக்கும். அதை அந்த வேகத்தில் மேலேற்றச் சுமார் 150 குதிரைத்திறன் போதும். இன்றைய ஒரு நடுத்தரக் காரில் இருக்கும் வலு! ஆனால் காரால் முடியாது, சக்கரம் வழுக்கிவிடும். காய்ந்த தண்டவாளத்தில்கூட, ஓட்டும் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் இழுவிசையாக மாறும். அப்படியானால் 3.5 டன்னுக்கே 14 டன் அழுத்தம் வேண்டும். எஞ்சினின் சொந்த எடையும் உராய்வும் தனி.

பாரத்தைத் தாங்க ஓட்டும் சக்கரங்களைக் கூட்டலாமே? கூட்டினால் எஞ்சின் நீளும், வளைவில் திரும்பாது. உண்மையான சிக்கல் இதுதான்.

போட்டிக்கு வந்தவை நான்கு. பவேரியா, வீனர் நொய்ஷ்டாட், செராங், விண்டோபோனா. நான்குமே நிபந்தனையை நிறைவேற்றின. முதல் பரிசு பவேரியாவுக்கு. டெண்டர் சக்கரங்களையும் சங்கிலி போட்டு ஓட்டியதால் அதற்குப் பிடி அதிகம். ஆனால் சங்கிலி தினசரி ஓட்டத்துக்குத் தாங்கவில்லை. கடைசியில் நான்கில் எதையுமே அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்வு தந்தவர் வில்ஹெல்ம் வொன் எங்கெர்த். முன்னால் மூன்று ஜோடி ஓட்டும் சக்கரங்கள். பாய்லரின் பின்பக்கப் பாரத்தில் ஒரு பங்கை டெண்டர் தாங்கும். நடுவில் மூட்டு இருப்பதால் வளைவில் மடங்கிக் கொடுக்கும். 1854-இல் பாதை முழுவதும் ரயில் ஓடியது.

இன்றும் கணக்கு மாறவில்லை. முன்சக்கரத்தால் ஓடும் காரில் ட்ரெய்லர் மாட்டி மேடேறினால், பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். மழையில் மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், 150 குதிரை இருந்தும் டயர் சும்மா சுற்றும். ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: எஞ்சினுக்கு எவ்வளவு வலு? ஓட்டும் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை?