கட்சி நோக்கும் கதை நோக்கும்: தோப்பில் மீரான் நாவல்கள் பெற்ற வரவேற்பு

புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் அவர்களின் 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுவையை விரித்துரைக்கும் நாவல் அது. ஈராண்டுகள் கழித்து, 1997-இல், அதே விருது தோப்பில் முகமது மீரான் அவர்களின் 'சாய்வு நாற்காலி'க்கு வழங்கப்பெற்றது. இவ்விருவரும் வாசிக்கப்பட்ட விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. தம் சமூகத்தாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவராகப் பிரபஞ்சனை நம் நகரில் எவரும் கருதியதாக நாம் அறியோம். 2018-இல் அவர் மறைந்தபோது புதுச்சேரி அரசு உரிய மரியாதையுடன் அவரை வழியனுப்பியது. மீரானோ, யார் பொருட்டு எழுதுகிறீர் என்னும் வினாவை எழுத்து வாழ்க்கை முழுவதும் சுமந்தே நடந்தார்.

அவருடைய முதல் நாவலான 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வெளிவந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம், ஊருக்கு வந்து சேரும் தங்ஙளின் வஞ்சகம், ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற்கு எழும் எதிர்ப்பு, முதலாளிக்குப் பணியாத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூத் ஆகியவற்றைக் கொண்டு தேங்காப்பட்டணத்துக் கடற்கரை வாழ்வை அது வரைந்தது.

இடதுசாரித் திறனாய்வாளர் இதனை நிலவுடைமைக்கு எதிரான குரலாகக் கண்டு மகிழ்ந்தனர். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் கலை இலக்கியப் பெருமன்றமும் அவருக்கு விருதளித்துப் போற்றின. அவர்கள் கண்டது பொய்யன்று. நாவலில் அது உள்ளதே. ஆயின், மஹ்மூத் எதிர்ப்பது முதலாளியின் ஆதிக்கத்தையேயன்றி மார்க்கத்தையன்று என்பதை அவ்வாசிப்பு போதிய அளவு கவனிக்கவில்லை. அம்மக்களுக்கு ஈமான் மூச்சுக்காற்றைப் போன்றது. அதை 'மூடநம்பிக்கை' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் நாவலில் பாதி காணாமற்போகும்.

நம்மவர் பக்கமோ வேறுவிதம். வீட்டு அழுக்கை வீதியில் கொட்டுகிறார் என்றனர். நாமும் இதற்கு விலக்கல்லோம். மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் இந்நாவல் நம் கைக்கு வந்தபோது, தங்ஙள் வரும் பக்கங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, மறுப்பு எழுதும் எண்ணத்துடனேயே படித்தோம். கோடிடாத பக்கங்களில் என்ன இருந்தது என்பது அப்போது நம் நினைவில் பதியவேயில்லை. (அந்த மறுப்பை நாம் எழுதவுமில்லை, அதுவும் ஒரு நற்பேறுதான்.)

2008-இல் 'அஞ்சுவண்ணம் தெரு' வெளிவந்தது. தௌஹீத் பிரச்சாரம் புகுந்தபின் பழைய நெசவாளர் தெரு ஒன்று அடையும் பிளவையும் சிதைவையும் அது கூறுகிறது. இருபதாண்டுகளுக்கு முன் தங்ஙளின் வஞ்சகத்தைச் சாடியதற்காக அவரை மெச்சக்கூடிய சீர்திருத்தவாதிக்கு இந்நாவல் கசக்கும். அன்று முகஞ்சுளித்த மரபுவாதிக்கோ இது இனிக்கும். எழுதியவர் அவரேதான், வேதனையும் அதேதான். பலமுள்ளவன் மார்க்கத்தைக் கையிலெடுத்துப் பலவீனனை நசுக்குவதே இரு நாவல்களிலும் அவரை உறுத்தியது. நாற்காலிகள் இடம் மாறின; அவர் நின்ற இடத்திலேயே நின்றார் என்பது நம் துணிபு.

மீரானின் முதல் நாவல் வெளிவந்த அதே 1988-இல்தான் எகிப்தின் நஜீப் மஹ்ஃபூழ் நோபல் பரிசு பெற்றார். 1944-இல் அவருடைய தொடக்ககால நாவலை 'அர்ரிஸாலா' இதழில் மனமுவந்து பாராட்டியவர் அந்நாளில் இலக்கியத் திறனாய்வாளராகத் திகழ்ந்த ஸையித் குதுப் ஆவார். பின்னர் இடதுசாரியினர் மஹ்ஃபூழைச் சிறு முதலாளிய வர்க்கத்தின் எழுத்தாளர் என்று குறுக்கினர். 1959-இல் 'அவ்லாது ஹாரத்தினா' தொடராக வந்தபோது அல்அஸ்ஹர் அறிஞர்கள் எதிர்த்தனர். 1994-இல் ஓர் இளைஞன் அவர் கழுத்தில் கத்தி பாய்ச்சினான்.

இத்தகைய கட்சி வழக்குக்கு நம் மரபிலேயே ஒரு தீர்ப்பு உண்டு. கவிஞர் முதனப்பீ ஹிஜ்ரி 354-இல் (கி.பி. 965) கொல்லப்பட்டார். அவர் மறைந்த பின்னரும் அறிஞர் உலகம் இரு கூறாகப் பிரிந்து நின்றது. புவைஹிய அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாத், அக்கவிஞரின் குறைகளைத் தொகுத்தே ஒரு நூல் செய்தார். தம்மைப் புகழ்ந்து பாட மறுத்த சினமே அதற்குக் காரணம் என்பர். அவ்வமைச்சரின் ஆதரவில் இருந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் காழீ அலீ அல்ஜுர்ஜானீயோ, முதனப்பீக்கும் அவர்தம் பகைவர்க்கும் இடையே நடுவராக அமர்ந்து 'அல்வஸாத்தா' என்னும் நூலை இயற்றினார். புரவலரின் மனம் கோணுமே என்று அவர் அஞ்சவில்லை. கொள்கைப் பிழைக்காகக் கவிஞரைத் தள்ளுவதாயின் அபூ நுவாஸின் பெயரையும் அறியாமைக் காலக் கவிஞர் பெயர்களையும் ஏடுகளிலிருந்து நீக்கவேண்டிவரும் என்று அவர் வாதிடுகிறார். சொல்பவர் மார்க்கத்தை அசட்டை செய்த ஒருவரல்லர்; நீதிபதி. கவிதையை எதைக்கொண்டு அளப்பது என்னும் அளவுகோல் பிரச்சினையையே அவர் தீர்க்கிறார். மார்க்கத்தின் தரத்தை அவர் தாழ்த்தவில்லை.

அந்த அளவுகோலை மீரானிடம் வைத்தால், கட்சிகள் பேசாத செய்திகள் முன்வருகின்றன. மலையாள வழியில் பயின்றவர் அவர். தமிழில் எழுதியபோது தம் ஊர்ப் பேச்சையே எழுத்தாக்கினார். அரபுச் சொற்கள் மீனவர் வாயில் தேய்ந்து, உருமாறி, வீட்டுச் சொற்களாகிவிட்ட வரலாறு அப்பக்கங்களில் கிடக்கிறது. கொடியவனான முதலாளியின் வீழ்ச்சியைக்கூட அவர் ஏளனமாக எழுதவில்லை. அந்நாவல் முதலில் தொடராக வெளிவந்தது 'முஸ்லிம் முரசு' இதழில் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வெளியாருக்காக எழுதினார் என்ற நம்மவரும், சமூகத்தை மீறி எழுதினார் என்ற பிறரும் இதனை மறந்தே பேசினர்.

2019-இல் மீரான் மறைந்தபின் நம் மாணவர்க்கு அந்நாவலை ஒருமுறை பாடமாக வைத்தோம். தங்ஙளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அரபு வேர் கொண்ட சொற்களை மட்டும் குறித்து வாருங்கள் என்றோம். காரைக்காலைச் சேர்ந்த மாணவர் ஒருவர் நான்கு பக்கப் பட்டியலுடன் வந்தார். "ஹஜ்ரத், இதில் பாதியை எங்கள் பாட்டி இன்றும் பேசுகிறார், அவற்றை அரபு என்றே நான் நினைத்ததில்லை" என்றார். அந்தப் பட்டியல் இப்போதும் நம்மிடம் உள்ளது.