கிரனாடா: வெளியேற்றப்பட்டவர்களின் கணக்கேடுகள் உள்ள நகரம்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கிரனாடா நகரம். ஐரோப்பாவில் வாழும் எமது குடும்பங்கள் பல கோடை விடுமுறைக்கு ஸ்பெயினின் கடற்கரைகளுக்குப் போகின்றன. அப்படிப் போகிறவர்களில் சிலர் ஒருநாள் பயணமாக இங்கு வந்து, அல்ஹம்பிரா மாளிகையின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மாளிகை பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஊரை விட்டு வந்த எம்மைப் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டிய வேறு சிலவும் அங்கே உண்டு.

மூர்களின் கடைசி அரசு

711இல் வட ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்த முஸ்லிம் படைகள், சில ஆண்டுகளுக்குள் ஐபீரியக் குடாநாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றின. பின்னர் வடக்கிலிருந்து கிறிஸ்தவ அரசுகள் மெல்ல மெல்ல முன்னேறின. 1236இல் கொர்டோபாவும் 1248இல் செவில்லாவும் வீழ்ந்தன. நஸ்ரி வம்சத்தார் ஆண்ட கிரனாடா மட்டும் 1492 வரை தாக்குப்பிடித்தது. அல்ஹம்பிராவின் சிறந்த பகுதிகள் 14ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுப், ஐந்தாம் முகம்மது ஆகிய மன்னர்களின் காலத்தில் எழுந்தவை. 1984இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. எதிர்க்குன்றில் உள்ள அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பு 1994இல் சேர்க்கப்பட்டது.

'மூர்' என்ற பெயர் எமக்குப் புதியதல்ல. எமது தீவுக்கு வந்த போர்த்துக்கேயர், தமது நாட்டில் முஸ்லிம்களை அழைத்த அதே பெயரால் இங்குள்ள சோனகரையும் அழைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்திலும் அதுவே பதிவேடுகளில் நிலைத்தது.

மீறப்பட்ட ஒப்பந்தம்

நகரம் ஒப்படைக்கப்பட்டது 1492 ஜனவரி 2ஆம் திகதி. அதற்கு முன்பே, 1491 நவம்பரில், ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. முஸ்லிம்களின் மதம், சொத்து, பள்ளிவாசல், வழக்காடும் சட்டம் எல்லாவற்றுக்கும் அதில் உத்தரவாதம் இருந்தது. அது பத்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1492 மார்ச் 31ஆம் திகதி, யூதர்களை வெளியேற்றும் கட்டளை இதே நகரில் வைத்துப் பிறப்பிக்கப்பட்டது. 1499 முதல் முஸ்லிம்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. மதம் மாற்றப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தோரும் 'மொரிஸ்கோ' எனப்பட்டார்கள்.

1567இல் வந்த கட்டளை அரபு பேசுவதையும் எழுதுவதையும், அவர்களின் உடையையும், பொதுக் குளியலறைகளையும் தடை செய்தது. ஸ்பானிய மொழியைக் கற்க மூன்று ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்ற மொரிஸ்கோ முதியவர் அதற்கு எதிராக ஒரு மனு எழுதினார். உடை மதமல்ல, அது ஊர் வழக்கம்; கீழைநாட்டுக் கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறார்கள்; வயதானவர்களால் இனிப் புதுமொழி கற்க முடியுமா என்பதே அவருடைய வாதம். மனு எடுபடவில்லை. 1568இன் நத்தார் காலத்தில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது. கிரனாடா இராச்சியத்திலிருந்து சுமார் 80,000 மொரிஸ்கோக்கள் ஸ்பெயினின் பிற பகுதிகளுக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 300,000 பேர் நாட்டை விட்டே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் சென்றது வட ஆபிரிக்காவுக்கு.

காணிக் கணக்கு

வணிகவியல் படித்து, கணக்கேடுகளோடு காலம் கழித்த எமக்கு இனி வருவதே முக்கியமானது. வெளியேற்றத்துக்குப் பின் அரசு அந்தக் காணிகளைப் பறித்து, வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்த குடியேற்றவாசிகளுக்குப் பங்கிட்டது. அதற்காக ஊர் ஊராக ஏடுகள் எழுதப்பட்டன. 'அப்பேயோ' என்பது எல்லை பார்த்து அளந்து பதிதல். 'ரெபார்த்திமியெந்தோ' என்பது பங்கீடு. வீடு, வயல், ஒலிவ மரம், பட்டுப்புழுவுக்கான மல்பெரி மரம், எந்த வாய்க்காலில் யாருக்கு எப்போது நீர் என்பதெல்லாம் பதிவாயின. ஒவ்வொரு பங்கும் 'சுவெர்த்தே' எனப்பட்டது. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள்.

எல்லைகளையும் நீர் முறைகளையும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. விபரம் தெரிந்த மொரிஸ்கோக்கள் சிலர் அதற்காகவே தங்க வைக்கப்பட்டார்கள். பறிகொடுத்தவர்களே பறிமுதல் கணக்குக்குச் சாட்சி சொன்னார்கள். ஆனால் இன்று அவர்களின் ஊர் எப்படி இருந்தது என்று ஆராய்கிறவர்களுக்குக் கிடைக்கும் சிறந்த ஆதாரம் அந்த ஏடுகள்தான்.

பல்கலைக்கழகமும் வாய்க்காலும்

கிரனாடாப் பல்கலைக்கழகம் 1531இல் தோன்றியது. இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கு படிக்கிறார்கள். எராஸ்முஸ் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்கள் மிகுதியாகத் தேடிப்போகும் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. முதலாம் யூசுப் 1349இல் நிறுவிய மதரசாவின் கட்டடமும் அதன் வசமே உள்ளது. 1932இல் அல்பைசினில் அரபு ஆய்வுகளுக்கான தனிப் பள்ளி ஒன்றும் நிறுவப்பட்டது. அரபு நூல்கள் எரிக்கப்பட்ட அதே நகரில் இப்போது அரபு ஏடுகளை ஆராய்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் கடந்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இன்னொரு வேலையிலும் இறங்கியிருக்கிறார்கள். விவசாயிகளையும் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு, கைவிடப்பட்ட பழைய வாய்க்கால்களை மண்வெட்டியால் தூர்வாருகிறார்கள். சியரா நெவாடாவில் பனி உருகும்போது வரும் நீரை, உயரத்திலேயே மண் வாய்க்கால்களில் திருப்பி, நீர் இறங்கும் நிலத்தில் பரவ விடுவது பழைய முறை. நீர் மலைக்குள் மெதுவாக ஊறி, வாரங்களோ மாதங்களோ கழித்து, கோடையில் கீழே ஊற்றாக வெளிவரும். அணைக்கட்டு தேவையில்லை, மலையே தொட்டி. வறட்சி கூடும் இக்காலத்தில் அந்த அறிவு மீண்டும் தேவைப்படுகிறது.

நகரத்துக்கு அருகே அல்பகார் ஊற்றிலிருந்து அல்பைசினுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலின் பெயர் அய்னாதமார். அரபில் கண்ணீர் ஊற்று. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் இன்றும் 'அசேக்கியா' என்ற அரபு வழிச் சொல்தான். நீர்த்தொட்டிக்கும் அப்படியே. தடை செய்த மொழி தண்ணீரோடு தங்கிவிட்டது.

எமக்கு என்ன?

1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க ஸ்பெயின் 2015இல் சட்டம் இயற்றியது. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. எந்த இழப்பு ஏற்கப்படும், எது விடுபடும் என்பதை இழந்தவர்கள் தீர்மானிப்பதில்லை. இதைப் படிக்கும்போது, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது முஸ்லிம் அயலவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. எமது இழப்பை எழுதும் ஏட்டில் அவர்களுடைய இழப்பும் நேர்மையாகப் பதியப்பட வேண்டும். ஒருபக்கம் மட்டும் எழுதிய கணக்கு சமப்படாது.

கிரனாடாவுக்குப் போகிறவர்கள் அல்ஹம்பிரா நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். சீட்டில் பெயர் இருக்கும்; கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை கையில் வேண்டும். நஸ்ரி அரண்மனைக்குக் குறித்த நேரத்தில்தான் நுழையலாம். பிள்ளைகளுக்கு மாளிகையோடு ஒரு வாய்க்காலையும் காட்டுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த தோம்புகளில் எமது ஊர்க் காணிகளின் பெயர்கள் எழுதப்பட்டன. எமது வீடுகளில் அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லையிலும் யார், கிணற்றில் யாருக்குப் பங்கு, உறுதி யாரிடம் என்று அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்.