வாழைச்சேனை றோட்டில் போன ஸ்கூட்டர்

போன வருடம் சித்தாண்டிப் பக்கம் ஒரு வேன் நிறைய வெளிநாட்டவர் வந்து இறங்கினார்கள். ஏதோ பெரிய கம்பனியின் ஊழியர்கள். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றில் தொண்டு செய்யக் கம்பனியே சம்பளத்தோடு அனுப்பியிருந்தது. கெம்பஸ் பிள்ளைகள் என்பதால் மொழிபெயர்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு நீலப் பெயின்ற் அடித்தார்கள், 'தலைமைத்துவம்' பற்றி வகுப்பெடுத்தார்கள், நிறையப் போட்டோ எடுத்தார்கள். நல்ல மனிசர்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டார்கள். அடுத்த நாள் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, அவங்க திரும்ப எப்ப வருவாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் பழைய கதைகளைத் தேடத் தொடங்கினோம்.

பிரிட்டனில் 1958இல் வி.எஸ்.ஓ. தொடங்கியது. 1961இல் கென்னடி பீஸ் கோரைத் தொடங்கினார். அதில் சேர்ந்தால் இரண்டு வருடம் போன ஊரிலேயே இருக்க வேண்டும். 2008இல் ஐபிஎம் தன் ஊழியர்களைச் சிறு குழுக்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது காலம் ஒரு மாதம். எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்கு ஒன்பது நாள்.

மட்டக்களப்பில் இதைவிடப் பழைய கதை ஒன்று கிடக்கு. வெபர் மைதானத்தில் மெட்ச் பார்க்காத ஆள் நம்மில் யார்? அந்த வெபர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கியவர். அதே சபையில், லூசியானாவில் பிறந்த யூஜின் ஹெபேர்ட் அடிகளார் 1948இல் இங்கே வந்தார். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத வயது, கிட்டத்தட்ட எங்கள் வயதுதான். மிக்கேலில் கூடைப்பந்து பழக்கினார். பிறகு இளைஞருக்குத் தொழில் கற்பித்த கிழக்கு தொழில்நுட்ப நிறுவகத்தைப் பொறுப்பெடுத்தார். வேலை இல்லாத, சந்தேகத்தின் பேரில் எந்த நேரமும் பிடிபடக்கூடிய பெடியன்களின் காலம் அது. கையில் ஒரு தொழில் இருப்பது சின்ன விஷயமில்லை.

இவர்கள் மதம் பரப்ப வந்த சபையின் ஆட்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் வந்தவர்கள் இருந்தார்கள்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் வெடித்தது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அதற்குப் பழியாகத் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கவே பயந்த நாட்கள். ஓகஸ்ட் 15ஆம் திகதி ஹெபேர்ட் அடிகளாரும் ஓர் இளைஞரும் ஸ்கூட்டரில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார்கள். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, ஏறாவூர்: நாங்கள் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போற அதே றோட்டு. இருவரும் மட்டக்களப்பு வந்து சேரவில்லை. அவர் வந்து 42 வருடமாகியிருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு, செப்டெம்பர் 5இல், எங்கள் கெம்பஸிலேயே தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டு போனது. அவர்களும் திரும்பவில்லை.

அமெரிக்கக் குடிமகன் அவர். எந்த நாளும் விமானம் ஏறியிருக்கலாம். கூடப் போன இளைஞருக்கு அந்த வழி இருந்திருக்குமா? வெளிநாட்டவரின் பெயர்தான் உலகம் முழுக்கப் போகும், இங்கத்தைய பெடியனின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும். இது எங்களுக்குக் கோபம் தாற விஷயம்.

ஆறு வருடம் கழித்து, 1996இல், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் எங்கள் போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து தொடங்கியது. தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். களிமண், படம், கதை, பாட்டு. பிள்ளைகளோடு நின்ற அண்ணாமாரும் அக்காமாரும் இந்தப் பிரதேசத்து ஆட்கள். பிள்ளைக்கு "திரும்ப எப்ப வருவாங்க" என்று கேட்கத் தேவையில்லை, சந்தைக்குப் போனால் அந்த அக்காவைக் காணலாம்.

நிலையத்துச் சுவர் இன்னும் நீலமாகத்தான் இருக்கு, கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளம் வந்து உரிஞ்சு போச்சு. அந்தப் பையன் இப்போது ஓட்டமாவடியில் ஒரு கராச்சில் வெல்டிங் பழகுகிறான். காலையில் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அவனும் எதிர்ப்பக்கம் நிற்பான், கை காட்டுவான்.