ரேஸ் ஓட்டாதவங்களுக்கு ஒரு சைக்கிள்!

சைக்கிள் கடைக்குள்ள நுழைஞ்சதுமே, ‘கார்பன் ஃபிரேம், வெயிட்டே இல்லை’ன்னு ஆரம்பிப்பாங்க. கூடவே இறுக்கமான டிரெஸ், ஸ்பெஷல் ஷூ எல்லாத்தையும் உங்க தலையில கட்டப் பார்ப்பாங்க. ‘அதெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் அமெரிக்காவில் சைக்கிள் விற்கிறார்.

அவர் கிரான்ட் பீட்டர்சன். ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவில் சைக்கிள்களை வடிவமைத்தவர். 1994-ல் அந்தப் பிரிவை இழுத்து மூட, வேலை போச்சு. அதே வருடம் கலிஃபோர்னியாவின் வால்நட் க்ரீக் நகரில் ‘ரிவெண்டெல் பைசைக்கிள் வொர்க்ஸ்’ என்ற சின்ன கம்பெனியைத் தொடங்கினார்.

ஊரே அலுமினியம், கார்பன் பக்கம் ஓடினாலும், இவர் பிடித்துக்கொண்டது ஸ்டீலை. குழாய்கள் சேரும் இடத்தில் ‘லக்’ என்ற உலோக உறையை மாட்டி, உள்ளே பித்தளை அல்லது வெள்ளிக் கலவையை உருக்கி விட்டு இணைப்பார்கள். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனா, ஒரு குழாய் அடிபட்டா சூடுபடுத்திக் கழற்றி, புதுசு மாட்டலாம். ஃபிரேமையே தூக்கிப் போட வேண்டியதில்லை. அடுத்த வருஷமே புது மாடல் வாங்க வைக்க நினைக்கிற வியாபாரி இதைச் செய்வாரா, சொல்லுங்க?

பல ஃபிரேம்கள் தைவானில்தான் தயாராகின்றன. அதை மறைப்பதும் இல்லை. விலை? நிச்சயமா சீப் இல்லை. அதுதான் ஒரே குறை.

அங்கே போய் வாங்க முடியாட்டியும், 2012-ல் அவர் எழுதிய ‘ஜஸ்ட் ரைடு’ புத்தகத்தைப் படிக்கலாம். அடுத்த முறை கடைக்குப் போனா வெயிட்டை விடுங்க. ஹேண்டில்பார் சீட் உயரத்துக்காவது வருதா, அகல டயர் போட இடமிருக்கான்னு கேளுங்க.